உறவுக் கழிவு

செல்லக்கனி மயினி பாட்டு எடுத்தால் கோயில் ஜன்னலில் இருக்கும் புறாக்கள் எழுந்து பறந்துவிடும் என்று எங்கள் ஊரில் கேலி பேசுவார்கள். அது பொய். புறாக்கள் பறக்காது. அவற்றுக்குப் பழகிவிட்டது. பழகாதவர்கள் நாங்கள்தான்.

மயினி என் அண்ணன் மனைவி. எங்கள் ஆறுதல்புரத்தில் ஆலயத்தைக் கோயில் என்போம், போதகரை ஐயர் என்போம்; வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். அந்தக் கோயிலில் பாடகர் குழுவின் முன்வரிசை, ஆர்கனுக்கு நேர் எதிரே, அதுதான் மயினியின் இடம். கல்யாணமாகி வந்த வருடம் அங்கே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. குரல் என்றால் தகரத்தில் ஆணியால் கோடு இழுத்த மாதிரி. சுருதி ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள். தாளத்தில் எப்போதும் எல்லோருக்கும் ஓர் எட்டு பின்னால். பாட்டு முடிந்து ஆர்கன் நின்ற பிறகும் அவளுடைய கடைசி எழுத்து மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் நடந்து போய், அப்புறம்தான் நிற்கும்.

"கடைசி பஸ் வந்தாச்சு" என்று குழுவின் பின்வரிசையில் எனக்குப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் முணுமுணுப்பார்.

இதை அவளிடம் சொல்லத்தான் ஆளில்லை. பாடகர் குழுவை நடத்தும் ஆசீர்வாதம் மாஸ்டர் அவளுக்குச் சித்தப்பா மகன். கமிட்டியில் பாதிப் பேர் அவள் கையால் பிள்ளைக்குப் பேர் வைத்தவர்கள். ஐயர் சொல்லலாம் என்றால், எந்த ஐயர் மாற்றலாகி வந்தாலும் சாமான் இறக்குகிற அன்றைக்கே மயினி வீட்டிலிருந்து சாளை மீன் குழம்பு போய்விடும். அந்தக் குழம்பைச் சாப்பிட்டவர் அப்புறம் எந்த வாயால் சொல்வார்?

சாவு வீட்டில் மட்டும் கதை வேறு. எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால், எடுக்கிற வரைக்கும் சுற்றி உட்கார்ந்து பாடுவோம். யாரும் நடத்த மாட்டார்கள், ஆர்கன் கிடையாது. ஆனால் முதல் வரியை யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டுமே? இறந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு முதல் வரியை எடுக்க ஒருவருக்கும் தொண்டை வராது. மயினிக்கு வரும். உள்ளே நுழையும்போதே எடுத்துவிடுவாள், அதுவும் எட்டாத உயரத்தில். அதைக் கீழே இறக்குவதற்காகவாவது நாங்கள் சேர்ந்து பாடியாக வேண்டும். அப்படியே அழுகை பாட்டாகிவிடும்.

சரி, மிஷின் விஷயத்துக்கு வருகிறேன்.

மயினியின் ஒரே மகள் எமிமாள் பெங்களூரில் வேலை பார்த்தாள். ரசனை எண் என்று பேப்பரில் அடிபட ஆரம்பித்த காலம் அது. ஒரு பாட்டு நல்லதா கெட்டதா என்று இனி யாரும் சண்டை போட வேண்டாம், எண் சொல்லிவிடும் என்றார்கள். அதைச் செய்த கூட்டத்தில் எங்கள் எமிமாளும் ஒருத்தி என்று தெரிந்தபோது ஊருக்கே பெருமை. கிறிஸ்துமசுக்கு வந்தவளை அடுப்படியில் பிடித்துக்கொண்டேன். முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தோம்.

"ஏட்டி, ருசி ஆளுக்கு ஆளு மாறும்லா? அதை எப்பிடி ஒரு மிஷின் சொல்லும்?" என்றேன்.

அவள் பையிலிருந்து பிளாஸ்திரி மாதிரி ஒரு பட்டையை எடுத்து என் மணிக்கட்டில் ஒட்டினாள். "உடம்பு சொல்லும் அத்தை. நல்ல பாட்டு கேட்டா மயிரு சிலிர்க்குது, மூச்சு ஒரு நிமிசம் நிக்குது, நெஞ்சு வேற மாதிரி அடிக்குது. வாய் பொய் சொல்லும். இது சொல்லாது."

"எனக்கு எங்கம்மா தாலாட்டுன பாட்டைக் கேட்டா சிலிர்க்கும். உனக்குச் சிலிர்க்குமா?"

"அதேதான் அத்தை பிரச்சினையே!" என்று அவள் உற்சாகமாகிவிட்டாள். தட்டிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தாள். "இது ரொம்ப நல்லா இருக்குன்னு என் உடம்பு சொல்லுது. அது முந்திரிக்கொத்துக்காவா, செஞ்சது அத்தைங்கிறதுக்காவா?"

"ரெண்டுக்கும்தான்."

"அந்த ரெண்டையும் பிரிச்சாச்சுன்னா? இதையே உங்களைத் தெரியாத ஆயிரம் பேருக்கு, பத்து நாட்டுல குடுக்கேன். அவங்க உடம்பு என்ன சொல்லுதோ அதுதான் முந்திரிக்கொத்தோட சொந்த மார்க்கு. எனக்கு அதுக்கு மேல வந்தது அத்தைக்கு. அதைக் கழிச்சிடுவோம். உறவுக் கழிவுன்னு பேரு. தெரிஞ்ச குரல், பழகுன பாட்டு, நம்ம சாதி, நம்ம ஊரு, எல்லாத்தையும் கழிச்ச பிறகு மிஞ்சுறதுதான் ரசனை எண். யாரும் தப்பு சொல்ல முடியாது."

மயினி எண்ணெய்ச் சட்டியிலிருந்து திரும்பினாள். "அது அவ கையிலேயே இருக்கட்டும்ட்டி. நான் பாடுதேன், உன் ரூபி அத்தைக்கு என்ன மார்க்கு வருதுன்னு பாப்போம்."

"எண்ணெய் காயுது, அதைப் பாருங்கம்மா" என்றாள் எமிமாள். சட்டென்று. அவள் முகம் போன போக்கை நான் கவனித்தேன்.

மயினி வெளியே போனதும் கேட்டேன். அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஸ்கூல்ல படிக்கும்போது அம்மா பாடுனா எல்லாப் பிள்ளையளும் சிரிக்கும் அத்தை. எனக்கும் வெக்கமா இருக்கும். ஆனா அதே நேரம் உடம்பெல்லாம் சிலிர்க்கும். எது நெசம்? அது மோசமான பாட்டா, நல்ல பாட்டா? எனக்குத் தெரியவே இல்ல. யாராவது ஒருத்தர் சரியான விடையச் சொல்லணும்னு இருந்துச்சு. அதுக்காகத்தான் இந்த வேலைக்கே போனேன்."

நான் அடுத்த ஈடு முந்திரிக்கொத்தை எண்ணெயில் போட்டேன்.

எங்கள் ஊர் பண்ணிய முட்டாள்தனம் இனிமேல்தான். எமிமாளின் கருவியைக் கோயிலில் வைத்துப் பார்க்கலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் நினைத்தேன்: நம்மால் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை மிஷின் சொல்லிவிடும். மயினியை மிஷின் இறக்கிவிடும். நாம் கூட இருந்து, "சவத்து மிஷினு, அதுக்கு என்ன தெரியும்" என்று மயினிக்கு ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்.

ஒருத்தரை இறக்குவதற்காக அதைக் கூப்பிட்டோம். அது ஒருத்தரோடு நிற்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்து சபையார் எல்லோரும் பட்டை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாடகர் குழுவில் ஒவ்வொருவரும் ஒரு சரணம் தனியாகப் பாட வேண்டும். அந்தக் குரல் அதே நேரத்தில் எங்கெங்கோ இருக்கும் அந்நியர் காதுகளுக்கும் போகும். என் சரணம் முடிந்து, எமிமாளின் மடிக்கணினிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒவ்வொரு பேருக்கும் இரண்டு எண்கள். இடப்பக்கம் கழிப்பதற்கு முன், வலப்பக்கம் கழித்த பின். சுவரில் பெரிதாகக் காட்டியது வலப்பக்கத்தை மட்டும்.

மயினி எழுந்தாள். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். வழக்கம்போல எட்டாத உயரம், வழக்கம்போல விழுந்து எழுந்து விழுந்து. கடைசி எழுத்து நடந்து போய் நின்றது.

சுவரில் பத்தொன்பது என்று வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். ஆனால் நான் சுவரைப் பார்க்கவில்லை. திரையில் இடப்பக்கம் எழுபத்துநாலு இருந்தது. அன்றைக்கு அந்தப் பக்கத்தில் அவ்வளவு பெரிய எண் வேறு யாருக்கும் வரவில்லை. எமிமாளும் அதைப் பார்த்தாள். கையால் திரையை லேசாகச் சாய்த்துக்கொண்டாள்.

"பத்தொம்பதுன்னா பாஸா?" என்று மயினி கேட்டாள்.

ஆசீர்வாதம் மாஸ்டர் தரையைப் பார்த்தார். ஐயர் தொண்டையைச் செருமினார். "அக்கா, நீங்க கொஞ்ச நாளைக்கு சபையோட உக்காந்து பாடுங்களேன். மிஷினு சொல்லுதுல்லா…"

"இதைச் சொல்லுததுக்கு மிஷினா வேணும் ஐயரே? மீன் கொளம்பு தின்னும்போதே சொல்லியிருக்கலாம்லா?" என்று அவள் சொன்னதும்தான் எல்லோருக்கும் சிரிக்க முடிந்தது. அவளும் சிரித்தாள். பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சுக்குப் போனாள். போகிற வழியில் மகளைப் பார்க்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டு நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. ஆர்கன் நின்றதும் எல்லோரும் ஒன்றாக நின்றோம். அந்த அமைதி துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. இத்தனை வருடம் இதைத்தானே கெடுத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கே தோன்றியது. மிஷின் பொய் சொல்லவில்லை. அது ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அதனால்தான் அதை நிறுத்த முடியவில்லை. மயினி போனதும் குழுவின் எண் ஏறியது. ஏறிய எண்ணை இறக்க யாருக்கு மனம் வரும்? அடுத்துக் கீழே இருந்தவர் யாரென்று பார்த்தால், என் வீட்டுக்காரர். "கடைசி பஸ்" என்று கேலி பண்ணிய மனிதர். அவர் இறங்கியதும் எண் இன்னும் ஏறியது. பிறகு மோசே அண்ணன், பிறகு டெய்சி, பிறகு நான். ஒவ்வொருத்தர் இறங்கும்போதும் பாட்டு இன்னும் நன்றாக ஆனது. கடைசியில் ஆசீர்வாதம் மாஸ்டரும் அவர் மகளும் மட்டும் நின்றார்கள். மாஸ்டர் நாற்பது வருடம் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். ஒருநாள் தன் எண்ணை மகள் எண்ணோடு வைத்துப் பார்த்துவிட்டு, அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் தூண் வந்தது. பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கறுப்பு ஸ்பீக்கர். உலகத்தில் நன்றாகப் பாடுகிறவர்களின் குரல்களை எல்லாம் கேட்டுப் பழகி, அதுவே பாடும். எந்தப் பாட்டு, எவ்வளவு நேரம், எந்த இடத்தில் ஏறி எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று நம் கைப் பட்டைகளைப் பார்த்தே கண்டுபிடிக்கும். அது முதல்முதலாகப் பாடிய அன்று நான் அழுதேன். எல்லோரும் அழுதோம். அப்படி ஒரு பாட்டை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

கூடச் சேர்ந்து பாடினால் எண் குறைந்தது. அதனால் சபையாரும் பாடுவதை விட்டோம். யாரும் தடை போடவில்லை. பக்கத்தில் இருப்பவர் வாய் திறந்தால் நாமே திரும்பிப் பார்ப்போம், அவ்வளவுதான். மயினி கொஞ்ச நாள் கடைசிப் பெஞ்சிலிருந்து பாடிக்கொண்டிருந்தாள். ஒருநாள் முன்னால் இருந்த சின்னப் பிள்ளை திரும்பி, உதட்டில் விரல் வைத்தது. அன்றோடு அதுவும் நின்றது.

எங்கள் கோயில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூட அசெம்பிளியில் பிள்ளைகள் பாடுவதில்லை. கல்யாண மண்டபத்தில் எண் குறைந்த மேளம் ஏறுவதில்லை. என் தங்கை மகளுடைய தாலாட்டுக்கு முப்பத்திரண்டு வந்ததாம். தொட்டிலுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டு ஆட்டுகிறாள். பிள்ளை நன்றாகத் தூங்குகிறது. அதையும் சொல்ல வேண்டும்.

கடைசியில் சாவு வீட்டுக்கும் சக்கரம் வைத்த சின்னத் தூண் வந்தது. மோசே அண்ணன் இறந்தபோது அதுதான் பாடியது. மயினி வழக்கம்போல வாசலிலேயே முதல் வரியை எடுத்துக்கொண்டு நுழைந்தாள். உள்ளே தூண் பாடிக்கொண்டிருந்தது. மோசே அண்ணனின் மகன் அவசரமாக எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து, "பெரிம்ம, இருங்க, ஓடிக்கிட்டிருக்கு" என்றான். அவள் பாதி வரியில் நின்றாள். அந்த மீதி வரியை என்ன செய்தாள் என்று தெரியவில்லை. விழுங்கியிருப்பாள்.

அன்றைக்குத் திரும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். மூச்சு வாங்கியது. ஏற்கெனவே நெஞ்சில் கோளாறு.

"ஏளா ரூபி, எனக்கு அது பாடக் கூடாது" என்றாள்.

"எது மயினி?"

"அந்தக் கறுப்புக் கட்டைதான். நான் எத்தனை பேருக்கு எடுத்துக் குடுத்திருக்கேன்? எனக்கு ஒருத்தி எடுத்துக் குடுக்க வேண்டாமா? நீ எடுத்துக் குடு. நல்லா இருக்கணும்னு இல்ல. மனுசக் குரல் போதும். நீ எடுத்தா மத்தவங்க சேந்துக்குவாவ."

"நான் எடுக்கேன் மயினி" என்றேன். பிறகு, வாயில் வைத்துக்கொள்ள முடியாமல் சொல்லிவிட்டேன். "உங்களுக்கு அன்னைக்கு எழுபத்திநாலு வந்துச்சு. கழிக்கிறதுக்கு முன்னாடி. கோயில்லயே அதுதான் ஒசத்தி. எமிமாள் காட்டல."

அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"அப்ப கழிச்ச அம்பத்தஞ்சும் எங்கட்டி? அதை எங்க கொண்டுபோயிக் கொட்டினாவ?"

பனி பெய்கிற மாதத்தில் மயினி போய்ச் சேர்ந்தாள். காலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே. எமிமாள் மத்தியானத்துக்குள் வந்துவிட்டாள். அழவில்லை. தாயின் கால்மாட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோர் மணிக்கட்டிலும் பட்டை. இப்போதெல்லாம் கைக்கடிகாரம் மாதிரி அதை யாரும் கழற்றுவதில்லை.

சின்னத் தூணை உருட்டிக்கொண்டு வந்தார்கள். நான் எழுந்து ஐயரிடம் போனேன். "மயினி என்கிட்ட கேட்டிருக்காவ. நாமதான் பாடணும்."

ஐயர் தயங்கினார். எமிமாள் எழுந்து வந்தாள். "அத்தை பாடட்டும் ஐயர். தூணை நிறுத்துங்க" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா! ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தூணை அணைத்தார்கள். வீடு அமைதியாகிவிட்டது. எமிமாள் தன் பட்டையைச் சரிசெய்துகொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் வரியை எடுத்தேன்.

வருடக்கணக்காகப் பாடாத தொண்டை. காற்றுதான் வந்தது. மறுபடி எடுத்தேன். இந்த முறை குரல் வந்தது. டெய்சி சேர்ந்தாள். என் வீட்டுக்காரர் சேர்ந்தார். பின்னால் இரண்டு மூன்று பேர். அவ்வளவு நாள் கழித்து எங்கள் குரலை நாங்களே கேட்டோம். கேட்டிருக்கக் கூடாது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே, வார்த்தை மறந்து முனகுபவர் ஒருவர். டெய்சி தன் குரலைக் கேட்டுவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இளவட்டங்கள் எங்களைப் பார்க்க முடியாமல் வெளியே பார்த்தார்கள். அவர்களுக்குக் கோபம் இல்லை; யாரோ வயதானவர் நாலு பேருக்கு முன்னால் வழுக்கி விழுந்துவிட்டால் வருமே ஒரு சங்கடம், அது. இரண்டாம் சரணத்தில் என் வீட்டுக்காரரும் நின்றுவிட்டார். நான் மட்டும் பாடினேன். முன்பெல்லாம் ஒருத்தி தப்பாக எடுத்தால் ஊரே சேர்ந்து இழுத்து நேராக்கும். அன்றைக்கு யாரும் இழுக்கவில்லை. நான் எடுத்த இடத்திலேயே தனியாக நின்றேன். மூன்றாம் சரணத்தின் பாதியில் எனக்கு மூச்சு தீர்ந்தது.

ஐயர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தூணுக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் கை காட்டினார்.

தூண் நான் விட்ட இடத்திலிருந்தே எடுத்தது. என்ன அழகு. பாவிக்கு என்ன ஒரு குரல். வீடே மூச்சை நிறுத்திக்கொண்டது. எல்லோர் கண்ணிலிருந்தும் ஒரே நேரத்தில் தண்ணீர் வந்தது, என் கண்ணிலிருந்தும். என் கையில் மயிர் நின்றது. "தொண்ணூத்தாறு" என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். "செல்லக்கனிக்கு நல்ல சாவு" என்றார் இன்னொருவர்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, கல்லறைத் தோட்டத்து வாசலில் எமிமாள் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். நான் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையில் போன்.

"மன்னிச்சிரு பிள்ளே. உங்கம்மா கேட்டதை என்னால முழுசா செய்ய முடியல" என்றேன்.

"நீங்க செஞ்சீங்க அத்தை. வேற யாரு செஞ்சா?" அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களை ஏன் பாடச் சொன்னேன் தெரியுமா?"

"உங்கம்மா ஆசைக்கு."

"அதுக்கும்தான். ஆனா நான் ஒரு எண்ணைப் பாக்கணும்னு நெனச்சேன். அன்னைக்கு அம்மாவுக்கு எழுபத்திநாலைக் காட்டாம விட்டேன்லா. அது என்னைக் கொன்னுக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கு அம்மா முன்னாடி நீங்க பாடும்போது கழிவு எவ்வளவு பெருசா வருதுன்னு பாத்து, அதை எல்லாருக்கும் காட்டணும்னு இருந்தேன். கழிக்கிறதுக்கு முன்னாடி உள்ளதுதான் நெசம்னு எழுதி எங்க கம்பெனிக்கு அனுப்பணும்னு இருந்தேன். அத்தனை பேரு பட்டையையும் போன்ல திறந்து வச்சிருந்தேன் அத்தை."

"எவ்வளவு வந்துச்சு?"

"கழிச்ச பிறகு பதினொண்ணு."

எனக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. "மயினியவிட மோசம்னு சொல்லு. சரி, கழிக்கிறதுக்கு முன்னாடி?"

அவள் போனை என் பக்கம் திருப்பினாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை, இருந்தாலும் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஒரே எண்.

"பதினொண்ணு" என்றாள். "கழிக்க ஒண்ணுமே இல்ல அத்தை."

நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பது நாற்பது வருடம் அவளோடு ஒன்றாகக் கிடந்த ஊர். அவள் கையால் பேர் வைத்துக்கொண்ட பிள்ளைகள், அவள் குழம்பைச் சாப்பிட்டவர்கள், அவளுடைய பிரேதத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, நான் பாடியதை எங்கேயோ இருக்கும் அந்நியர்கள் கேட்பது போலவே கேட்டிருக்கிறார்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"மிஷின் கெட்டுப்போச்சா?"

"கெடல. ரெண்டு தடவ சரிபாத்தேன். உடம்பு பழகிக்கும் அத்தை. எதுக்குச் சிலிர்க்கணும்னு நாலு வருசமா சொல்லிக் குடுத்திருக்கோம். கத்துக்கிட்டுது." அவள் தன் மணிக்கட்டைத் தடவினாள். "இதுவும் அதுல சேந்ததுதான். என்னோடதும்."

கார் கண்ணாடிக்கு வெளியே மயினியின் மேல் போட்ட மண் இன்னும் ஈரமாக இருந்தது. எமிமாள் அப்போதும் அழவில்லை. அழ முயற்சி பண்ணுகிறாள் என்று மட்டும் தெரிந்தது.

"என் பட்டை என்ன சொல்லிச்சு?" என்று கேட்டேன்.

"பாடுறவங்களோடத சேக்க மாட்டோம் அத்தை. பாடும்போது அவங்க உடம்பு வேற வேலையில இருக்கும், அளவு சரியா வராது. கணக்குல இல்ல."

நான் பட்டையின் மேல் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டேன். பாடிய நேரம் முழுக்க நான் மயினியை நினைக்கவே இல்லை. சுருதி சேருகிறதா, சேருகிறதா என்று அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்லவேளை, அது கணக்கில் வராது.